சொந்த விமானமும் பயணிகள் விமானமும்

விமானமொன்று வீழ்ந்துவிட்டதென்ற செய்தி வெளியானதும் விமானப் பயணம் குறித்த அச்சம் பரவலாக எழுகின்றது. வீழ்ந்தது நான்கைந்து ஆசனங்களைக் கொண்ட சொந்த விமானமா, நூற்றுக்கணக்கானோரை ஏற்றிச்செல்லும் பயணிகள் விமானமா என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பத்திரிகைகளாகிய நாமும் இரண்டையும் 'விமான விபத்து' என்ற ஒரே தலைப்பிலேயே பிரசுரிப்பதால் இக்குழப்பத்தில் எமக்கும் பங்குண்டு.

தனியார் விமானப் பறப்பு பெருமளவில் நடைபெறும் அமெரிக்காவில், சிறு விமானங்கள் பறக்கும் ஒவ்வோர் இலட்சம் மணித்தியாலத்துக்கும் ஏறத்தாழ ஒரு விபத்து உயிர்களைப் பலிகொள்கின்றது. மறுபுறத்தில், 2009 பெப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே 50 பேரைப் பலிகொண்ட விபத்தின் பின்னர், 2025 ஜனவரியில் வொஷிங்டனில் பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகொப்டரும் மோதி 67 பேர் மாண்டது வரை, அந்நாட்டு விமான சேவைகள் பாரிய உயிரிழப்பு விபத்து எதனையும் சந்திக்கவில்லை.

இயந்திரத்தின் அளவு மாத்திரம் இதற்குக் காரணமல்ல. முன்னாள் ஜனாதிபதியின் புதல்வரான ஜோன் எவ். கென்னடி கனிஷ்டரின் மரணம் இதற்குத் தக்க உதாரணமாகும். 1999 ஜூலை 16ஆம் திகதி சூரியன் மறைந்து சில நிமிடங்களில், மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜேர்சியிலிருந்து ஒற்றை இயந்திர விமானமொன்றில் அவர் புறப்பட்டார். விமானத்தில் கோளாறு எதுவும் இருந்ததாக விசாரணையில் தெரியவரவில்லை. கடலின் மேல் புகார் படர்ந்த இருளில் அடிவானம் தெரியாமற்போக, அவர் திசையுணர்வை இழந்து கட்டுப்பாட்டைத் தவறவிட்டதே காரணமென விசாரணையாளர்கள் முடிவுசெய்தனர். கருவிகளை மாத்திரம் நம்பிப் பறப்பதற்கான தகைமையை அவர் அப்போது பெற்றிருக்கவில்லை.

கண்ணுக்கு அடையாளம் எதுவும் தென்படாதபோது எமது உட்செவி பொய்யுரைக்கின்றது. விமானம் மெல்லச் சரிந்து திரும்புகையில் அது நேராகச் செல்வதாகவே விமானி உணர்வார். 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி பெறாத 20 பேரை இத்தகைய நிலையில் பறக்கவைத்துப் பரிசோதித்தனர். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சென்ற சராசரி நேரம் 178 செக்கன்கள் மாத்திரமே.

பயணிகள் விமானத்தில் இந்நிலை தோன்றாதிருக்கப் பல தடுப்புகள் உள்ளன. இரு விமானிகள் ஒருவரையொருவர் கண்காணிக்கின்றனர். பாவனைப் பொறிகளில் அவர்கள் குறித்த காலத்துக்கொருமுறை பரீட்சிக்கப்படுகின்றனர். அமெரிக்காவில் தனியார் விமானிக்கு ஆகக்குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு அனுபவம் போதுமானது. விமான சேவை விமானியிடமோ, 2013 முதல், பொதுவாக 1,500 மணித்தியாலங்கள் கோரப்படுகின்றன. எமது பார்வையில் இவற்றையெல்லாம் விட முக்கியமான பாதுகாப்பு வேறொன்று: காலநிலை சரியில்லையெனில், புறப்படுவதா என்பதைப் பயணிகள் விமானத்தின் தலைமை விமானி தனித்துத் தீர்மானிப்பதில்லை. தரையிலுள்ள பறப்பு அனுப்பீட்டு அதிகாரியும் இணங்கியாக வேண்டும். சொந்த விமானத்திலோ அத்தகைய இரண்டாவது குரலுக்கு இடமில்லை. குடும்பத் திருமணமொன்றுக்குச் செல்லும் வழியிலிருந்த கென்னடியுடன் அன்றிரவு கூடவே வருவதற்குப் பயிற்றுநர் ஒருவர் முன்வந்தார். தனியாகவே செலுத்த விரும்புவதாகக் கூறி அவர் அதை மறுத்துவிட்டார்.