பூதலூரிலிருந்து ஹௌராவுக்கு: கணிப்பொறி இணைப்பு வண்டி தேடும் விதம்

குடமுருட்டிக் கரையில் அமைந்த எங்கள் திருக்காட்டுப்பள்ளியில் புகைவண்டி நிலையம் இல்லை. நாங்கள் பேருந்தில் தெற்கே பூதலூர் சென்று, தஞ்சை – திருச்சிப் பாதையில் வண்டி ஏற வேண்டும். நெடுந்தொலைவு செல்வோர் பெரும்பாலும் வேறொரு சந்திப்பில் வண்டி மாறியே தீர வேண்டும். மேற்படிப்புக்கும் வேலைக்கும் வட மாநிலங்களுக்குச் செல்லும் மாணவர்கள் நம்மிடையே பலர். இணைப்பு வண்டி ஒன்று தவறினால் ஒரு நேர்முகத் தேர்வே தவறிவிடும். ஆகவே, கணிப்பொறி இணைப்பு வண்டிகளை எவ்வாறு தேடுகிறது, இன்னும் எவ்வாறு தேட வேண்டும் என்பதைக் கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையில் இங்கு விளக்க முற்படுகிறேன்.

நேர்வண்டிப் பட்டியல்

1985இல் புதுடில்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு, 2002இல் இணையத்திற்கும் வந்தது. ஏறும் ஊர், இறங்கும் ஊர், நாள் ஆகிய மூன்றையும் கொடுத்தால் அவ்விரு ஊர்களையும் தொடும் வண்டிகளைப் பட்டியலிடுவது எளிது. இரண்டையும் ஒரே வண்டி தொடாதபோதுதான் சிக்கல் பிறக்கிறது. நம் நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. எந்தச் சந்திப்பில் மாறுவது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்க இயலுமா?

சுற்றுச் சுற்றாகத் தேடல்

இருவேறு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழியைக் காணும் முறையை டச்சு அறிஞர் டெய்க்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். சாலைக்கு அது மிகவும் பொருந்தும். சாலை எந்நேரமும் திறந்திருக்கும். புகைவண்டியோ குறித்த நேரத்தில் மட்டுமே கிடைக்கும். எனவே 2012இல் மைக்ரோசாப்ட் நிறுவன ஆய்வாளர்கள் ‘ராப்டர்’ என்னும் முறையை வெளியிட்டனர். அதன் கருத்து எளியது. முதற் சுற்றில், புறப்படும் நிலையத்திலிருந்து ஒரே வண்டியில் சென்றடையக்கூடிய எல்லா நிலையங்களையும், சேரும் நேரத்துடன் குறித்துக்கொள்வர். இரண்டாம் சுற்றில் அந்நிலையங்களிலிருந்து, அந்த நேரத்திற்குப் பின் கிளம்பும் வண்டிகளைப் பார்ப்பர். இவ்வாறு ஒரு முறை மாறினால் எங்கெங்கு செல்லலாம், இரு முறை மாறினால் எங்கெங்கு செல்லலாம் என்பது படிப்படியாகத் தெரியவரும்.

நமக்கு வேண்டிய திருத்தங்கள்

இம்முறையை நம் பாதைகளுக்குப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பூதலூரிலிருந்து ஹௌரா செல்வதையே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, திசை. ஹௌரா வடகிழக்கே உள்ளது. ஆனால் திருச்சி – ஹௌரா விரைவு வண்டி தஞ்சைக்கு வராமல் அரியலூர், விருத்தாசலம் வழியே செல்கிறது. அதைப் பிடிக்க நாம் முதலில் மேற்கே திருச்சிக்குப் போக வேண்டும். ‘பின்னோக்கிச் செல்லும் வழி வேண்டாம்’ என்று ஒதுக்கும் நிரல் இந்த நல்ல வழியை இழந்துவிடும்.

இரண்டாவது, நிலையத் தொகுதி. உழவன் விரைவு வண்டியில் தஞ்சையிலிருந்து சென்னை எழும்பூர் சென்றால், கோரமண்டல் வண்டியை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்ட்ரலில் பிடிக்க வேண்டும். அதுவும் இப்போது ஹௌராவுக்குச் செல்லாமல் அருகிலுள்ள ஷாலிமாரில் நின்றுவிடுகிறது. எழும்பூரும் சென்ட்ரலும் ஒரே ஊர், ஹௌராவும் ஷாலிமாரும் அருகருகே உள்ள நிலையங்கள் என்பதைக் கணிப்பொறிக்குச் சொல்லித் தராவிட்டால் அது ‘வழி இல்லை’ என்றே விடை தரும்.

மூன்றாவதும் முதன்மையானதுமாக நான் கருதுவது, தவறினால் நேரும் இழப்பு. திருச்சி – ஹௌரா வண்டி வாரத்தில் இரு நாட்களே உண்டு. அதைத் தவறவிட்டவர் நாட்கணக்கில் காத்திருக்க நேரும். கோரமண்டலோ நாள்தோறும் ஓடுவது. தவறினால் இழப்பு ஒரு நாள். இவ்விரண்டுக்கும் ஒரே அளவு இடைவெளி விடுவது பொருந்தாது. அரிதாக ஓடும் வண்டிக்கு முன் அதிக இடைவெளியும், அடிக்கடி ஓடும் வண்டிக்கு முன் குறைந்த இடைவெளியும் விட வேண்டும். முன்வண்டி வழக்கமாக எவ்வளவு தாமதமாகிறது என்பதை அதன் பழைய ஓட்டப் பதிவுகளிலிருந்தே கணக்கிடலாம். அட்டவணையில் அரை மணி முன்னால் சேரும் வழியைக் காட்டிலும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நாட்கள் தவறாமல் சேரும் வழியே ஏழை மாணவனுக்கு ஏற்றது.

நான்காவது, இடவசதி. முதல் வண்டியில் இடம் உறுதியாகி, இரண்டாவதில் காத்திருப்போர் பட்டியலில் நின்றால் அது வழியாகாது. இரு பகுதிகளிலும் இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே தேட வேண்டும்.

இரு சீட்டு, ஒரு பயணம்

இத்துறையில் ஒரு நல்ல தொடக்கம் 2019 ஏப்ரல் முதல் நாளன்று நிகழ்ந்தது. அன்றுமுதல் இரு முன்பதிவு எண்களை ஒரே பயணமாக இணைத்துக்கொள்ளலாம். முன்வண்டியின் தாமதத்தால் பின்வண்டி தவறினால், விதிகளுக்குட்பட்டு, பயணம் செய்யாத பகுதியின் கட்டணம் ரத்துக் கட்டணமின்றித் திரும்பக் கிடைக்கும். பணம் திரும்புவது ஆறுதலே. ஆனால் நேர்முகத் தேர்வுக்குச் செல்பவனுக்கு வேண்டியது அடுத்த வண்டியில் ஓர் இடம். இணைத்த சீட்டு வைத்திருப்பவருக்கு அதையும் கணிப்பொறியே தேடித் தருமாயின் பயன் முழுமை பெறும்.

முடிவுரை

விரைவில் சேர்ப்பதைவிட உறுதியாகச் சேர்ப்பதே நல்ல வழியின் இலக்கணம். இதற்குத் தேவையான கணிதம் நம் பாடங்களுக்கு அப்பாற்பட்டதன்று: வரைபடக் கோட்பாடும், நிகழ்தகவும், சிறிது நிரல் எழுதும் பயிற்சியுமே. அட்டவணைகளோ யாவரும் காணக் கிடைக்கின்றன. நண்பர்களே, நம் துறை மாணவர்கள் நால்வர் கூடினால், டெல்டா ஊர்களுக்கான ஒரு சிறு நிரலையேனும் ஆய்வுத் திட்டமாகச் செய்து பார்க்கலாம். அதில் பூதலூர் வரையிலான பேருந்தையும் மறவாமல் சேர்ப்போமாக. நம்மில் பலருக்குப் பயணம் தொடங்குவது அந்தப் பேருந்தில்தான்.