முள் இறங்குவது ஆயிலால் மட்டுமல்ல

பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு ஆயிலில்தான் தொடங்கும். 20டபிள்யூ-40 போதுமா, 20டபிள்யூ-50 வேண்டுமா? அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினுக்கும், பத்மினிக்கும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இரண்டுமே பொருந்தும். மினரல் ஆயிலே போதும். டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கானது. எங்கள் கடலோரத்தில், கோட்டக்குப்பம் முதல் மரக்காணம் உப்பளங்கள் வரை, மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்பதால் அந்த எண் 20 ஆக இருந்தாலே போதும். சிந்தெட்டிக்தான் உசத்தி என்போரும் உண்டு. அது எஞ்சினைச் சுத்தமாக வைக்கும் என்பதை மறுப்பதற்கில்லை, ஆனால் இந்த எஞ்சின்களுக்குக் கட்டாயமில்லை.

கேமும் டேப்பெட்டும் நேராக உரசும் இந்த எஞ்சின்களுக்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்பு அவசியம். புதிய கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில், புகையைச் சுத்திகரிக்கும் கருவி கெடாமலிருக்க பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். 20டபிள்யூ-50-க்கு அந்த வரம்பு இல்லை.

அடுத்தது ஆயில் பிரஷர். சூடான அம்பாசிடர் எஞ்சின் ஓட்டத்தில் 50 பவுண்டை ஒட்டியும், ஐடிலில் 15-க்குக் குறையாமலும் காட்ட வேண்டும். பிரஷர் மீட்டரின் முள் இறங்கியதும் கெட்டி ஆயிலை ஊற்றி ஏற்றிவிடுகிறார்கள். பேரிங் இடுக்கில் ஆயில் சந்திக்கும் தடைதான் பிரஷராகத் தெரிகிறது. இடுக்கு தேய்ந்து அகன்றிருந்தால் கெட்டி ஆயில் முள்ளைத் தூக்கும். தேய்மானம் அப்படியே இருக்கும். விற்கிற சமயத்தில் இப்படிச் செய்வது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

என் பெரிய கவலை, ஓடாமல் நிற்கும் கார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். எஞ்சின் சூடேறாதபோது கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கி, ஆயிலோடு கலந்து கசடாகும். வாரம் ஒருமுறை வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பவர்கள் நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் தண்ணீரைத்தான் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே ஈரமும் உப்பும் நிறைந்த கடலோரக் காற்று இது.

2021-ல் வந்த மத்திய விதிகளின்படி, 50 வயது கடந்த காரை விண்டேஜ் எனப் பதிவுசெய்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். பராமரிப்புக்கு இருக்கும் அந்த அனுமதியை உரிமையாளர்கள் விட்டுவிடக் கூடாது. ஸ்டார்ட் செய்தால் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் சுமார் 30 கிலோமீட்டர், அந்தத் தூரம் போதும். ஓடியது சில நூறு கிலோமீட்டரே என்றாலும் ஆண்டுக்கு ஒருமுறை, சூடாக இருக்கும்போதே, ஆயிலை இறக்கிவிடுங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் வெள்ளைக் களிம்பு படிந்து, முள்ளும் இறங்கியிருந்தால், சம்புக்குள் ஆயிலை உறிஞ்சும் வலையைக் கசடு அடைத்திருக்கலாம். எந்த ஆயிலும் அதைச் சரிசெய்யாது. சம்பைக் கழற்றி, வலையை டீசலில் கழுவி மாட்டிப் பார்த்த பிறகு பேரிங்கில் கைவைக்கலாம்.