கடலில் மிதந்த இருவர்

காற்றின் விசையால் இயங்குவது பாய்மரப் படகு. அதில் பெருங்கடலைக் கடப்பவர்களுக்குக் காற்றும் நீரோட்டமும் வழித்துணையாகும். ஆனால், படகை இழந்து நடுக்கடலில் தவிப்பவர்களுக்கு அவற்றால் மட்டும் கரை கிட்டிவிடாது. அந்நிலையில் மனிதரைக் காப்பவை எவை? இங்கிலாந்தைச் சேர்ந்த மாரிஸ் பெய்லி, மராலின் பெய்லி என்னும் கணவன் மனைவியின் கடற்பயணம் இவ்வினாவுக்கு விடை தருகிறது.

புறப்பாடு

பெய்லி இணையர் டெர்பி நகரில் வாழ்ந்தனர். கடல்வழியே நியூசிலாந்துக்குச் செல்ல வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். அதற்காகத் தம் வீட்டை விற்று, 31 அடி நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்றைப் பெற்றனர். தம் பெயர்களின் எழுத்துகளை இணைத்து அதற்கு 'ஆரலின்' எனப் பெயரிட்டனர். மராலினுக்கு நீந்தத் தெரியாது. படகில் செய்தி அனுப்பும் வானொலிக் கருவியும் இல்லை. வெளியுலகின் குறுக்கீடு இல்லாத பயணத்தை மாரிஸ் விரும்பியதே அதற்குக் காரணம்.

1972 ஜூன் மாதத்தில் அவர்கள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டனர். அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிக் காற்று வீசும். கீழ்த்திசைக் காற்றைத் தமிழர் 'கொண்டல்' என்பர். அத்தகைய காற்றின் உதவியால்தான் ஐரோப்பியப் பாய்மரப் படகுகள் மேற்கிந்தியத் தீவுகளை அடைகின்றன. ஆரலினும் அட்லாண்டிக்கைக் கடந்தது. 1973 பிப்ரவரியில் பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக் பெருங்கடலில் நுழைந்து, கலாபகோஸ் தீவுகளை நோக்கிச் சென்றது.

திமிங்கிலம் மோதியது

1973 மார்ச் 4ஆம் நாள் விடியற்காலையில் திமிங்கிலம் ஒன்று படகின்மீது மோதியது. நீர்மட்டத்திற்குக் கீழே பெரிய ஓட்டை ஏற்பட்டது. துணிகளைக் கொண்டு அடைத்துப் பார்த்தும் நீர் நிற்கவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் ஆரலின் மூழ்கியது. அதற்குள் இருவரும் காற்றடைத்த உயிர்காப்பு மிதவையையும் சிறிய ரப்பர்ப் படகையும் நீரில் இறக்கி, ஒன்றோடொன்று கட்டினர். கைக்கு எட்டிய உணவுப் புட்டிகள், குடிநீர், வரைபடம், திசைகாட்டி முதலியவற்றை அவற்றில் ஏற்றிக்கொண்டனர்.

தீவுகளை அடையலாம் என்னும் நம்பிக்கையோடு துடுப்பு வலித்தனர். நீரோட்டமோ அவர்களை வேறு திசையில் இழுத்துச் சென்றது. பிடித்த ஆமைகளைக் கயிற்றால் கட்டி, மிதவையை இழுக்கச் செய்யவும் முயன்றனர். ஓர் ஆமை ஒரு திசையிலும் மற்றோர் ஆமை வேறு திசையிலும் செல்லவே, அம்முயற்சியும் பலிக்கவில்லை.

நீரும் உணவும்

சுற்றிலும் நீர் இருந்தும் அதைக் குடிக்க இயலாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அந்த உப்பை வெளியேற்ற, குடித்த அளவைவிட மிகுதியான நீரைச் சிறுநீரகங்கள் செலவிட வேண்டும். ஆகவே கடல்நீரைக் குடித்தால் தாகம் தணியாது. உடல் மேலும் வறண்டுவிடும். எனவே அவர்கள் மழைநீரைப் பிடித்துச் சேமித்தனர்.

கொண்டுவந்த உணவைச் சிறிது சிறிதாகப் பங்கிட்டு உண்டனர். தூண்டில் இல்லாமையால், துணியில் குத்தும் ஊக்குகளை வளைத்துத் தூண்டில் முள்ளாக்கினர். மீன், ஆமை, கடற்பறவை ஆகியவற்றைச் சமைக்காமலே உண்டு உயிர் பிழைத்தனர்.

மனவலிமை

பசியினும் கொடியது நம்பிக்கையின்மை. ஏழு கப்பல்கள் அவர்களைக் கடந்து சென்றன. ஓங்கி எழும் அலைகளுக்கிடையே தாழ்வாக மிதக்கும் சிறு மிதவை, கப்பலில் இருப்போர் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. மிதவையில் ஓட்டை விழுந்ததால், மீண்டும் மீண்டும் காற்றடைக்கவும் நேர்ந்தது. மாரிஸ் நோயுற்று மனம் தளர்ந்தார். மராலின் தளரவில்லை. தாளைக் கொண்டு சீட்டுகள் செய்து கணவருடன் விளையாடினார். கரை சேர்ந்தபின் சமைக்க வேண்டிய விருந்தைத் திட்டமிட்டார். அடுத்துக் கட்ட வேண்டிய படகைப் பற்றியும் இருவரும் பேசினர். 'நாளை' என்று ஒன்று உண்டு என நினைவூட்டுவதே அவர் கணவருக்கு அளித்த மருந்து.

மீட்பு

1973 ஜூன் 30ஆம் நாள், தென்கொரிய மீன்பிடிக் கப்பலான 'வொல்மி 306' அவர்களைக் கடந்து சென்றது. பின்னர்த் திரும்பி வந்தது. 117 நாள்களுக்கும் மேலாக ஏறத்தாழ 1,500 மைல் மிதந்த இருவரும் மீட்கப்பட்டனர். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 18 கிலோ எடை குறைந்து, நிற்கவும் வலிமையற்றிருந்தனர். மொழி அறியாத அயலவரான அவ்விருவரையும் மாலுமிகள் அன்புடன் பேணி, ஹவாய்த் தீவுகளிலுள்ள ஹொனலுலுவில் சேர்த்தனர்.

பெய்லி இணையர் தம் அனுபவத்தை நூலாக எழுதினர். மிதவையில் கனவு கண்டவாறே புதிய படகு ஒன்றையும் உருவாக்கி, 'ஆரலின் 2' எனப் பெயரிட்டு, மீண்டும் கடலோடினர். கிடைத்ததைப் பயன்படுத்தும் அறிவும், ஒருவர் தளரும்போது மற்றவர் தாங்கும் அன்பும் அவர்களைக் காத்தன.

சொற்பொருள்

இணையர் – கணவனும் மனைவியும்
மிதவை – நீரில் மிதக்கும் கலம்
கொண்டல் – கிழக்கிலிருந்து வீசும் காற்று
பேணி – பாதுகாத்து
அயலவர் – வேற்று நாட்டினர்

பயிற்சி

1. கடல்நீரைக் குடித்தால் உடல் வறள்வது ஏன்?
2. ஏழு கப்பல்களில் இருந்தோரும் மிதவையைக் காணாமைக்குரிய காரணத்தைக் கூறுக.
3. மராலின் தம் கணவரின் மனத்தளர்ச்சியைப் போக்கிய முறைகளை எழுதுக.
4. உம் குடும்பம் ஊர்விட்டு ஊர் வந்தபோது, ஒருவருக்கொருவர் துணையாக இருந்த நிகழ்ச்சி ஒன்றைப் பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.