மனு சரி, விலாசம் தவறு

"அத்தான், நம்ம எம்.எல்.ஏ.வுக்கு நீங்க ஒரு மனு எழுதித் தரணும்" என்றார் என் மச்சினர். மூடிகெரேயிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவர், காப்பி டம்ளரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. அன்று 2019 டிசம்பர் 2, திங்கட்கிழமை.

விஷயம் இதுதான். அவருடைய தாத்தா சேலம் பக்கத்திலிருந்து காப்பித் தோட்டத்து ரைட்டராக வந்தவர். பிறகு நாலு ஏக்கர் சொந்தமாக வாங்கினார். பன்றியை வெடிச் சத்தத்தால் விரட்ட, உரிமத்தோடு ஒரு துப்பாக்கியும் வாங்கினார். அப்பா காலத்தில் ஓர் இரட்டைக் குழல் சேர்ந்தது; மச்சினர் காலத்தில் இன்னொன்று. ஆக மூன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி ஒருவர் மூன்று வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது. நவம்பர் 29 அன்று மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, 'இனி ஒருவருக்கு ஒன்றுதான்' என்றது.

"தாத்தாவோடதைக் கொடுக்கவா, அப்பாவோடதைக் கொடுக்கவா?" என்று அவர் கேட்டபோது குரல் கம்மியது.

நான் ஓய்வு பெற்றவன். அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதித் தருவது என் வழக்கம். உடனே உட்கார்ந்து, அவர் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டு பக்கத்தில் உருக்கமாக எழுதினேன். இருவரும் விதான சௌதா அருகிலுள்ள உறுப்பினர் விடுதிக்குப் போனோம். கர்நாடகத்தில் 15 தொகுதிகளுக்கு டிசம்பர் 5ஆம் தேதி இடைத்தேர்தல். பிரசாரத்துக்குப் போனவர் திரும்பவில்லை. செவ்வாயன்றும் போனோம். புதன்கிழமை அவருடைய உதவியாளர் மனுவைப் படித்துப் பார்த்துவிட்டு, "சார், இது டெல்லி விஷயம். எங்க சாஹேப்ரு இதுல ஒண்ணும் செய்ய முடியாதே" என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று உண்டு. மத்தியப் பட்டியலின் ஐந்தாவது இனமே ஆயுதங்கள், துப்பாக்கிகள், வெடிமருந்துதான். விதான சௌதாவின் 224 சட்டமன்ற உறுப்பினர்களும் ஒன்றாகக் கை தூக்கினாலும் ஆயுதச் சட்டத்தில் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. அதற்கு உரியவர் நாடாளுமன்ற உறுப்பினர். மூடிகெரே, உடுப்பி–சிக்கமகளூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. மனு அங்கே போயிருக்க வேண்டும். மூன்று நாள் வீண்.

குடகு மக்களின் கதையும் இதையே சொல்கிறது. நாம் மாலையில் நடக்கப் போகும் கப்பன் பூங்காவுக்குப் பெயர் தந்த மார்க் கப்பன், 1861இல் குடகர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்களித்தார். கைல்போத் பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்குவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த விலக்கு நீடிக்கிறது. ஆனால் அதை நீட்டிப்பது பெங்களூர் அரசு அல்ல. ஆயுதச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி மத்திய அரசு. 2019 அக்டோபரில் வந்த அறிவிக்கை அதை 2029 வரை நீட்டித்தது. 'இனத்தையும் நிலத்தையும் வைத்துச் சலுகையா?' என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். விதான சௌதாவுக்கு நேர் எதிரே சிவப்புக் கட்டிடத்தில் இருக்கும் உயர் நீதிமன்றம், 2021 செப்டம்பர் 22 அன்று அந்த விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் டெல்லியில், வழக்கு எதிர்ச் சாரியில். நடுவே விதான சௌதாவுக்கு இதில் வேலை இல்லை.

அமெரிக்காவிலிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது புதிராக இருக்கும். அங்கே மத்தியச் சட்டங்களோடு ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று துப்பாக்கிச் சட்டம் இயற்றுகிறது. 21 வயது நிரம்பி, சட்டத்தடை இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே நடமாடலாம் என்று டெக்சாஸ் மாநிலம் இயற்றிய சட்டம், 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அங்குள்ளவர் மாநில உறுப்பினருக்கு எழுதுவது சரி. இங்குள்ளவர் எழுதினால் என் கதைதான்.

புதன் மாலையே மனுவைத் திருத்தினேன். உருக்கத்தைக் குறைத்து ஒரே பக்கமாக்கினேன். மசோதாவின் பெயர், மாற்ற வேண்டிய பிரிவு, 'ஒன்று என்பதைக் கூட்டித் தாருங்கள்' என்ற ஒரே கோரிக்கை, காரணம், வாக்காளரின் முழு விலாசம். மறுநாள் காலை விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினோம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "வீட்டுல துப்பாக்கி இருக்கறதே ஆபத்து. ஒண்ணுகூட வேண்டாம்னு நான் எழுதினா?" என்றாள்.

"தாராளமா எழுதலாம். ஆனா உன் கடிதம் நம்ம பெங்களூர் எம்.பி.க்குப் போகணும்" என்றேன். சொன்னபடி அவளும் எழுதினாள். அக்காவும் தம்பியும் எதிரெதிர்க் கட்சி. இரண்டு கடிதத்துக்கும் மதிப்பு ஒன்றுதான்.

மசோதா டிசம்பர் 9இல் மக்களவையிலும், 10இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அறிமுகமாகிப் பதினொரு நாள்! ஒன்று என்றிருந்தது இரண்டாக மாறியிருந்தது. எங்கள் கடிதத்தால் மாறியது என்று நான் மார்தட்ட மாட்டேன். ஆட்சேபம் சொன்னவர்கள் நாட்டில் பல பேர். அவர்களில் நேரத்தோடு, சரியான இடத்தில் சொன்னவர்களே பயன்பட்டிருப்பார்கள். உரிமக் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்ந்ததும் அதே சட்டத்தில்தான். கல்யாணத்தில், திருவிழாவில் பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி சுட்டால் சிறை என்பதும் அதில் சேர்ந்தது. அது நியாயம் என்று மச்சினரே சொல்வார்.

மூன்றாவது துப்பாக்கியை ஒப்படைக்க ஓராண்டு அவகாசம் இருந்தது. அவர் தன்னுடையதையே காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, தாத்தாவுடையதையும் அப்பாவுடையதையும் வைத்துக்கொண்டார்.

அப்படியானால் எம்.எல்.ஏ.வுக்கு எழுதவே கூடாதா? எழுத வேண்டும், அவரிடம் இருப்பதைக் கேட்டு. பன்றியும் யானையும் அழித்த பயிருக்கு இழப்பீடு மாநில வனத்துறை வழியாக வருவது. உரிமம் வழங்குவதும் புதுப்பிப்பதும் மாவட்டத்தில் டெபுடி கமிஷனர், பெங்களூர் நகரில் போலீஸ் கமிஷனர். அதில் தாமதமானால் உறுப்பினரிடம் முறையிடலாம். மச்சினர் பயிர் இழப்பீட்டுக்காக அடுத்த மாதமே ஒரு மனு கொடுத்தார், இந்த முறை சரியான வாசலில்.

நம்மவர்களிடம் ஒரு தயக்கம் உண்டு. 'நாம் வெளியூர்க்காரர்கள், நம் பேச்சு எடுபடுமா?' என்பார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் இடமே நம் தொகுதி. அங்கே வென்றவர் நமக்கும் உறுப்பினர்தான். கன்னடத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. எழுதத் தெரியாதவர்களுக்கு, நன்றாக எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் உதவலாம்.

மசோதா என்ற சொல்லைச் செய்தித்தாளில் பார்த்தால், பேனாவை எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது டெல்லியா, விதான சௌதாவா? அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நான் மூன்று நாளைத் தொலைத்தேன்.