சுவிட்சர்லாந்து கிளம்பறீங்களா? முதல்ல உடம்புகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க!

முன்பெல்லாம் என் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள், ‘காசிக்குப் போறோம், குளிருக்கு ஏதாவது கொடுங்க டாக்டர்’ என்பார்கள். இப்போது, ‘பையன் டிக்கெட் போட்டுட்டான், சுவிட்சர்லாந்து போறோம்’ என்கிறார்கள். சந்தோஷம்தான். கதாநாயகி பனிமலையில் மெல்லிய சேலையோடு ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால், ‘ஷாட்’ முடிந்ததும் அந்தம்மா ஓடிப்போய்க் கம்பளிக்குள் புகுந்துகொள்வது படத்தில் வராதே! படத்தில் வராத சில விஷயங்களைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நானும் போய்வந்தவன்தான். 2023 ஜூன் மாதம் நான், என் மனைவி, அக்கா, அத்தான் என நாலு பேரும் ஒரு சுற்றுலாக் குழுவோடு போனோம். அத்தானுக்கு வயது 66. பேங்க் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரஷர் உண்டு; மாத்திரையில் கட்டுப்பாடாக இருந்தது. காலையில் ஜூரிக்கில் இறங்கினோம். மறுநாளே யுங்ஃப்ராவ்யோக் என்ற பனிமலை உச்சி!

மேலே போய் முக்கால் மணி நேரம் இருக்கும். பனிக்குகைக்குள் நடந்துகொண்டிருந்த அத்தான் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘மாப்பிள, தலை கிர்ருங்குது. மூச்சு போதல’ என்றார். உதடு வெளிறிப் போயிருந்தது. ‘காலையில மாத்திரை போட்டீங்களா அத்தான்?’ என்றேன். மாத்திரை பெட்டியில், பெட்டி ஹோட்டலில். முந்தின நாளும் போடவில்லை!

பழக்கதோஷத்தில் என் கை சட்டைப் பையில் இருந்த திரிகடுகு சூரணத்துக்குத்தான் போனது. சுக்கு, மிளகு, திப்பிலி... நல்ல மருந்துதான். ஆனால், அந்த நேரத்தில் அத்தானுக்குத் தேவைப்பட்டது மருந்து அல்ல, காற்று. அடுத்த ரயிலைப் பிடித்துக் கீழே இறங்கினோம். அரை மணி நேரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கியதும் அவர் முகத்தில் உயிர் வந்தது. என் சூரணம் செய்ய முடியாததை அந்த ரயில் செய்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறு விஷயத்தில். கிளம்பும் முன்பு பாஸ்போர்ட்டைப் பத்துத் தடவை சரிபார்த்த நான், அத்தான் உடம்பைப் பயணத் திட்டத்தோடு வைத்து ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. ஒரு வைத்தியன் செய்கிற காரியமா அது?

ரயில் ஏற்றிவிடும்... உடம்பு ஏறவேண்டாமா?

நம்ம ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையமோ 3,454 மீட்டர்! அடிவாரத்தில் இருக்கும் இன்டர்லாகன் ஊர் 568 மீட்டர்தான். ஐகர், மோன்ஷ் என்ற மலைகளைக் குடைந்து 1912-ல் இந்த ரயில் பாதையைத் திறந்தார்கள். 2020 டிசம்பரில் கிரிண்டெல்வால்டில் இருந்து புதிய கேபிள் காரும் வந்துவிட, பயணம் இன்னும் சுருங்கிவிட்டது. கீழே காபி குடித்தவர் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் பனிக்கு நடுவே நிற்கலாம்.

சிக்கலே அதுதான். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்றில் ஆக்ஸிஜன் விகிதம் அதேதான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற அளவு குறைகிறது. ஈடுகட்ட நெஞ்சு வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வேகமாக ஓடுகிறது. மலையேறிகள் நாள்கணக்கில் நடந்து ஏறும்போது உடம்பு மெதுவாகப் பழகிக்கொள்ளும். ரயில் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

சித்த மருத்துவம் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்தாகப் பிரித்து, நிலம் மாறினால் உடம்பின் போக்கும் மாறும் என்கிறது. நெய்தலில் இருந்து உச்சிக் குறிஞ்சிக்கு ஒரே தாவலாகத் தாவினால் உடம்பு திகைக்காமல் என்ன செய்யும்?

படிப்படியாக ஏறும் திட்டம்

ஆகவே, ‘எந்த இடத்தை எந்த நாள் பார்க்கலாம்’ என்று போடும் கணக்கை உயரத்தை வைத்துப் போடுங்கள். முதல் இரண்டு நாள் லூசர்ன் மாதிரி தாழ்வான ஊர். உயரம் 435 மீட்டர்தான். ஏரிக்கரையில் நடை, படகுச் சவாரி, நல்ல தூக்கம். அங்கே கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். தூக்கம் சரியாக ஓரிரு நாள் பிடிக்கும்.

மூன்றாம் நாள் ரிகி மலை. 1,797 மீட்டர், அதாவது ஊட்டியைவிடத் தாழ்வு. 1871-ல் ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயில் இன்றும் மேலே கொண்டுபோய் விடுகிறது. அங்கே உடம்பு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். அடுத்து, சுமார் 1,270 மீட்டரில் இருக்கும் வெங்கன் மாதிரி ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். அதன்பிறகு, வானம் தெளிவாக இருக்கும் நாளில் உச்சிக்குப் போகலாம். உச்சியில் இந்த நிமிஷம் பனிமூட்டமா, வெயிலா என்று கேமரா படம் காட்டுகிறார்கள். காலையில் அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் காசும் மிச்சம்!

மேலே போனதும் ஓடாதீர்கள், படிகளில் தாவாதீர்கள். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். மது வேண்டாம். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். உட்கார்ந்தாலும் மூச்சிரைப்பு அடங்கவில்லை, நெஞ்சு வலிக்கிறது, பேச்சு தடுமாறுகிறது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் நிலைய ஊழியரிடம் சொல்லி உதவி கேளுங்கள்.

இருதய நோய், ஆஸ்துமா, நுரையீரல் கோளாறு, கடுமையான ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடும் முன்பே தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். உயரத்துக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் மாத்திரையும் இருக்கிறது. அது தேவையா என்பதையும் அவரே சொல்லட்டும்.

நாலு மொழி, ஒரே மருந்துச் சீட்டு

கீழே வந்தபிறகும் விடவில்லை. அன்று மாலை அத்தானை ஒரு மருத்துவரிடம் காட்டினோம். பிரஷர் ஏறியிருந்தது. ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று அவர் நல்ல ஆங்கிலத்தில்தான் கேட்டார். அத்தான் நம்மூர் கம்பெனிப் பெயரைச் சொன்னார். அவருக்குப் புரியவில்லை. அக்கா ஊருக்கு போன் போட்டு, மகன் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பி... ராத்திரி ஆகிவிட்டது.

அதனால், உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நோய், மருந்தின் மூலப் பெயர், அளவு, வேளை எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மூலப் பெயர் எங்கேயும் புரியும்.

அந்த நாட்டுக்குத் தேசிய மொழிகள் நாலு. ஜெர்மன் பேசுகிறவர்கள் நூற்றுக்கு 60 பேருக்கு மேல். அடுத்து பிரெஞ்சு, இத்தாலியன். நாலாவதான ரோமான்ஷ் 1938-ல் தேசிய மொழி ஆனது. 2016-ல் திறந்த 57 கிலோமீட்டர் கோத்தார்ட் சுரங்கத்தில் ரயில் நுழையும்போது வெளியே ஜெர்மன். இருபது நிமிஷத்தில் வெளியே வந்தால் இத்தாலியன்! சுற்றுலா ஊர்களில் ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். ஆனாலும் சில வார்த்தைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை: ஜெர்மனில் ‘அப்போதேக்கே’, பிரெஞ்சில் ‘ஃபார்மசி’, இத்தாலியனில் ‘ஃபார்மச்சீயா’. பச்சை நிறச் சிலுவை அடையாளம் பார்த்தால் போதும்.

மாமிசம் இல்லாமல்: ‘ஓனே ஃப்ளைஷ்’, ‘சான் வியாந்த்’, ‘சென்ஸா கார்னே’.

குழாய்த் தண்ணீரும் தெருவோர ஊற்றுத் தண்ணீரும் அங்கே தாராளமாகக் குடிக்கலாம். ‘கைன் ட்ரிங்க்வாசர்’ என்று பலகை இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். ‘குடிநீர் அல்ல’ என்று அர்த்தம்.

சாப்பாட்டில் சூட்சுமம்

உருளைக்கிழங்கைச் சீவி வறுத்த ‘ரோஸ்டி’ நம் நாக்குக்கு ஒத்துப்போகும். ஆனால் சில இடங்களில் பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பாலாடைக்கட்டியை உருக்கித் தரும் ‘ஃபோண்ட்யூ’வில் வெள்ளை ஒயின் சேர்ப்பது வழக்கம். க்ரூயேர் போன்ற பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையில் இருந்து எடுக்கும் பொருள். தீவிர சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? கபத்தைக் கூட்டும் கனமான உணவு என்பதால், ஃபோண்ட்யூ சாப்பிட்டால் ஐஸ் தண்ணீர் குடிக்காமல் சூடான தேநீர் குடியுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பல உணவகங்களில் மதியம் இரண்டு மணி வாக்கில் அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி மாலையில்தான் பற்ற வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கைகொடுக்கும். கையில் பொட்டுக்கடலை, கடலை, பிஸ்கட் கட்டாயம். விமானப் பயணத்தில் பகல் நீளும். இன்சுலின் வேளையை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்துவிட வாய்ப்பு உண்டு.

எதை எடுத்துப் போகலாம்?

தினசரி மருந்துகள் கைப்பையில், அசல் அட்டையோடு. சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவு மருந்தை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகலாம். சுக்குப் பொடி, திரிபலா சூரணம் எடுத்துப்போவதானால், பெயர் அச்சிட்ட, சீல் உடைக்காத டப்பாவில் இருக்கட்டும், பொட்டலம் வேண்டாம். சளிக்கும் குமட்டலுக்கும் சுக்கு வெந்நீர், மலச்சிக்கலுக்கு ராத்திரி திரிபலா... அவ்வளவு போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சூரணத்துக்கும் டாக்டரைக் கேட்க வேண்டும். பற்பம், செந்தூரம் சாப்பிடுகிறவர்கள் பயண நாட்களில் என்ன செய்வது என்று தங்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ‘சூரணம் இருக்கே’ என்று பிரஷர், சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்!

நெய், பால்கோவா, கறிவேப்பிலைக் கொத்து எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும். இந்தியாவில் இருந்து பால் பொருட்கள், இறைச்சி கொண்டுபோகத் தடை. பசுமையான காய், கீரைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். உதட்டு வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் எடுத்துப்போனால் கல்லாக உறைந்துவிடும். சின்னக் குப்பியில் நல்லெண்ணெய் எடுங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைத்துப் புண்ணாக்கும். கறுப்புக் கண்ணாடி அலங்காரப் பொருள் அல்ல.

விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். ‘பாலிசி எடுத்தாச்சு’ என்று பீரோவில் வைக்காமல் படித்துப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குச் செல்லுமா, மலையில் ஹெலிகாப்டர் மீட்புக்குச் செல்லுமா? அங்கே ஆம்புலன்ஸ் 144, ஹெலிகாப்டர் மீட்பு 1414. போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அத்தான் கதைக்கு வருகிறேன். மறுநாள் குழு, இன்னொரு பனிமலைக்குக் கிளம்பியது. நாங்கள் நாலு பேரும் போகவில்லை. லூசர்ன் ஏரியில் பழைய நீராவிப் படகில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் மலைகள். கட்டிய பணம் வீணாகிவிட்டதே என்று அக்காவுக்கு வருத்தம். அத்தான் சிரித்தார். ‘மலையைப் பார்க்கத்தானே வந்தோம்? இங்க இருந்தே நல்லாத் தெரியுதே!’

டிக்கெட் போடுவதற்கு முன்னால், உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இதைக் கேட்டுப்பாருங்கள்: ‘ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குதா?’ உங்கள் பயணத் திட்டம் அந்தப் பதிலில் இருந்து ஆரம்பிக்கட்டும்.