கழுத்தில் கட்டி: இரத்தச் சோதனை மட்டும் போதுமா?

"கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தைராய்டு நார்மல் என்றார்கள். அப்படியானால் பயமில்லைதானே?" நம்மவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி இது. பயந்து நடுங்கவும் வேண்டாம். அதோடு விட்டுவிடவும் வேண்டாம் என்பதே பதில்.

தைராய்டு என்பது குரல்வளைக்குச் சற்றுக் கீழே பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. அதில் உருவாகும் கட்டியைத்தான் தைராய்டு முடிச்சு என்கிறோம். எச்சிலை விழுங்கும்போது அதுவும் மேலே ஏறி இறங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். மருத்துவர்கள் மதிப்பிட்ட முடிச்சுகளில் 100க்கு 7 முதல் 15 வரைதான் புற்றுநோய். மற்றவை ஆபத்தில்லாதவை.

இரத்தச் சோதனை எதைக் காட்டும்?

டி.எஸ்.எச். என்ற சோதனை, சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். முடிச்சுக்குள் இருப்பது என்ன என்று சொல்லாது. தைராய்டு புற்றுநோய் உள்ள பெரும்பாலோருக்கும் இந்த அளவு சரியாகவே இருக்கும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அது சோதனை முடிவை மாற்றிக் காட்டக்கூடும்.

அடுத்தது என்ன?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. முடிச்சில் நீர் இருக்கிறதா அல்லது அது திடமானதா, ஓரம் ஒழுங்காக உள்ளதா, உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா என்று பார்ப்பார்கள். 2017இல் வெளியான அமெரிக்க முறைப்படி முடிச்சுகளை 5 வகையாகப் பிரிக்கிறார்கள். சந்தேகம் மிகுந்த ஐந்தாம் வகை 1 சென்டிமீட்டரைத் தொட்டாலே ஊசிச் சோதனை தேவை. சந்தேகம் குறைந்த மூன்றாம் வகைக்கு 2.5 சென்டிமீட்டர் வரை பொறுத்திருந்து கண்காணிக்கலாம்.

ஊசி குத்தினால் பரவுமா?

பலரைச் சோதனைக்குப் போகவிடாமல் தடுப்பது இந்தப் பயம்தான். மெல்லிய ஊசியால் சில செல்களை மட்டுமே எடுக்கிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும், அன்றே வீடு திரும்பலாம். இதனால் நோய் பரவுவது மிக மிக அரிது. அதற்குப் பயந்து சோதனையைத் தள்ளிப்போடுவதே ஆபத்து. முடிவு 6 பிரிவுகளில் ஒன்றாக வரும். 'போதிய செல்கள் இல்லை' என்று வந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. பெரும்பாலும் சோதனையைத் திரும்பச் செய்வார்கள்.

அப்படியானால் எல்லோரும் ஸ்கேன் எடுக்கலாமா?

தேவையில்லை. தென்கொரியாவில் அறிகுறி இல்லாதவர்களுக்கும் பரவலாக ஸ்கேன் எடுத்தார்கள். 1993ஐவிட 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிப்பு 15 மடங்கானது, இறப்போ குறையவில்லை. தேவையற்ற அறுவைச் சிகிச்சைகள்தான் பெருகின.

ஆனால் கட்டி வேகமாக வளர்ந்தாலும், குரல் கம்மியே இருந்தாலும், விழுங்கச் சிரமப்பட்டாலும், கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டினாலும் காத்திருக்கக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தாலும், சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தாலும் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஜோகூரில் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குப் போகலாம். அங்கு தரும் கடிதத்துடன் சுல்தானா அமினா, சுல்தான் இஸ்மாயில் போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் நிபுணரைப் பார்க்கலாம். பழைய ஸ்கேன் முடிவுகளைப் பத்திரமாக வைத்திருந்து கையோடு கொண்டு செல்லுங்கள். முடிச்சு வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட அவைதான் உதவும். விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர்கள் மறுபரிசோதனைத் தேதிக்கு முன்கூட்டியே லீவு சொல்லிவிடுங்கள்.

தைராய்டு புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் வகை மெதுவாக வளர்வது. காலத்தோடு கண்டால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். ஆகவே டாக்டரிடம், "இரத்தம் நார்மலா?" என்பதோடு நிறுத்தாமல், "ஸ்கேன் என்ன சொல்கிறது?" என்றும் கேளுங்கள்.