கணனி பேசிய முறையும் தமிழின் ஒலிப்பு விதிகளும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையை அண்மித்து, வெருகலாற்றுக்குத் தெற்கே அமைந்துள்ள கடலோரக் கிராமம் கதிரவெளி. இப்பெயரை எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை எதுவும் தயக்கமின்றி ஒலிக்கும். முதலில் நிற்கும் ககரத்தை வன்மையாகவும், இடையில் வரும் தகரத்தை மென்மைப்படுத்தியும், ஈற்று ளகரத்தை நாவை வளைத்தும் ஒலிக்க வேண்டுமென அப்பிள்ளைக்கு எவரும் கற்பிப்பதில்லை. உயிருள்ள நாவுக்கு இயல்பாக அமையும் இவ்வறிவைப் பொறியொன்றுக்கு ஊட்ட முற்படும்போதே அதன் நுட்பம் நமக்குப் புலனாகின்றது. 1980களில் வீட்டுக் கணனிகளுக்கென ஆக்கப்பட்ட பேச்சு மென்பொருள்கள் இயங்கிய விதத்தை விளக்கி, அம்முறையில் தமிழை ஒலிப்பிக்கும்போது எழும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வினாக்களுள் ஒன்று, எவருடைய தமிழைப் பொறி பேசுதல் வேண்டும் என்பது.

சிறிய நினைவகமும் பெரிய குரலும்

பொறியைப் பேசுவிக்கும் ஆசை பழையது. 1939ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ஹோமர் டட்லி என்பாரின் 'வோடர்' என்னும் கருவி, பயிற்சி பெற்ற பெண்ணொருவர் விசைகளை இயக்கப் பேசிற்று. 1961ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடத்துக் கணனி ஒரு பாடலைப் பாடிற்று. 1978ஆம் ஆண்டில் ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனம் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் விளையாட்டுக் கருவி, முன்னரே சேமித்து வைக்கப்பட்ட சொற்களை மாத்திரம் ஒலித்தது. எழுதிக் கொடுத்த எதனையும் வாசிக்கும் ஆற்றல் எளியோரின் மேசைக்கு வந்தது வீட்டுக் கணனியோடுதான்.

1982இல் வெளிவந்த கொமடோர் 64 கணனியின் நினைவகம் 64 கிலோபைற்று. மனிதக் குரலை ஒரு செக்கனுக்கு 8000 மாதிரிகளாகப் பிரித்து, மாதிரிக்கு ஒரு பைற்று வீதம் அதிற் பதிந்தால், எட்டுச் செக்கன் பேச்சிலேயே நினைவகம் முழுவதும் நிரம்பிவிடும். ஆகவே குரலைச் சேமிப்பதற்குப் பதிலாக, குரலை ஆக்கும் விதிகளைச் சேமிப்பதே வழியாயிற்று.

அவ்வழியில் எழுந்தவற்றுள் புகழ்பெற்றது, மார்க் பார்ட்டன் ஆக்கி 1982இல் வெளிவந்த 'சாம்' என்னும் மென்பொருள். அப்பிள், அற்றாரி, கொமடோர் ஆகிய கணனிகளில் அது இயங்கிற்று. எழுத்தை வாசிக்கும் அதன் துணைப் பகுதியையும் சேர்த்து, கொமடோரின் நினைவகத்திற் கால்பங்களவிலேயே அது அடங்கியது. சுருதி, வேகம், வாய், தொண்டை என்னும் நான்கு எண்களை மாற்றுவதன் மூலம் முதியவர் குரலையும் சிறுவர் குரலையும் அதனிடமிருந்து பெறலாம். அற்றாரிக் கணனியில் அது பேசும்போது திரை இருண்டுவிடும். திரையை வரைவதற்கும் வாயைத் திறப்பதற்கும் ஒருங்கே அச்சிறு பொறிக்கு வலுப் போதவில்லை. 1984 ஜனவரி 24ஆம் நாள் மக்கின்ரொஷ் கணனி தன் அறிமுக மேடையிலே தானே பேசியபோது, அதன் பேச்சு மென்பொருளை ஆக்கியோருள்ளும் பார்ட்டன் ஒருவராக இருந்தார்.

பேச்சின் இரு படிகள்

இம்மென்பொருள்களின் தொழில் இரு படிகளைக் கொண்டது. எழுத்தை ஒலியன்களாக மாற்றுதல் முதற்படி. ஒலியன்களைக் காற்றில் அதிரும் ஒலியாக்குதல் இரண்டாம் படி.

ஆங்கிலத்துக்கு முதற்படியே பெரும் இடராக இருந்தது. 'வாசி' எனப் பொருள்படும் ஆங்கில வினை, நிகழ்காலத்தில் 'றீட்' என்றும் இறந்தகாலத்தில் 'றெட்' என்றும் ஒலிக்க, எழுத்து மாத்திரம் மாறாது நிற்கின்றது. 1976இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தினர் இதற்கென 329 விதிகளை வகுத்தனர். அவ்வளவு விதிகளைக் கொண்டும் ஏறத்தாழப் பத்திலொரு சொல் பிழைபட்டது.

இரண்டாம் படி எம்மொழிக்கும் பொதுவானது. குரல்வளையில் எழும் அதிர்வு, வாயறையின் வடிவத்துக்கேற்பச் சில அதிர்வெண்களில் வலுப்பெறுகின்றது. ஆண் குரலில், ஈகாரத்துக்கு அவ்வலு ஏறத்தாழ 300, 2300 ஹேர்ட்ஸ் அளவிலும், ஆகாரத்துக்கு 700, 1200 ஹேர்ட்ஸ் அளவிலும் அமையும். இவ்வெண்களை ஒலியனுக்கு ஒலியன் மாற்றிச் செல்வதே பொறியின் நாவசைவாகும். ஓர் ஒலியிலிருந்து மற்றோர் ஒலிக்கு நாவு நழுவிச் செல்லும் நயத்தைச் சில எண்களால் முற்றாகக் காட்ட இயலாமையே, அக்குரல் உலோகத் தன்மை பெற்றமைக்குக் காரணம்.

தமிழுக்கு வருமிடத்து

முதற்படியில் தமிழ் பெரும் வாய்ப்புடையது. ககரம் சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி பெறும்: கடல், பக்கம். மெல்லினத்தை அடுத்து அதிரொலி பெறும்: சங்கு. உயிர்களுக்கிடையே நெகிழும்: அகம். ஏனைய வல்லின எழுத்துகளும் பெரும்பாலும் இவ்வாறே இடம் நோக்கித் திரிகின்றன. கால அளவையும் இலக்கணம் முன்னரே தந்துள்ளது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது தொல்காப்பியம் வகுத்த மாத்திரை. 'பாக்கு' என்பதன் ஈற்றுகரம் அரை மாத்திரையாய்க் குறுகும். தனிக்குறிலை அடுத்த 'பசு' என்பதன் உகரம் குறுகாது. கதிரவெளி ஐந்து குறில்களாலான பெயர், மாத்திரையும் ஐந்தே. ஒரு மாத்திரைக்கு எத்தனை மில்லிசெக்கன் என்று மாத்திரம் பொறிக்குக் கூறினாற் போதும்.

எனினும் விதி எங்கும் செல்லுபடியாவதில்லை. தீவினையைக் குறிக்கும் 'பாவம்' வல்லொலியாலும், ஆடற்கலையிற் பேசப்படும் 'பாவம்' அதிரொலியாலும் தொடங்குகின்றன, எழுத்து ஒன்றே. 'பஸ்' போன்ற பிறமொழிச் சொற்களும் விதியை மீறுவன. இவற்றுக்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

இரண்டாம் படியில் இடர் வேறுவகைப்பட்டது. ஆங்கிலத்துக்கென ஆக்கப்பட்ட ஒலியன் பட்டியலில் ழகர, ளகர, ணகரங்களுக்கு இடமில்லை. அத்தகைய பொறியிடம் நம் கிராமத்தின் பெயரைக் கொடுத்தால் 'கதிரவெலி' என்றே கூறும். புளியைப் புலியாக்கும், பள்ளியைப் பல்லியாக்கும். திரையைக் காண்பவனுக்கு இது நகைப்புக்குரியது. செவியொன்றையே நம்பியிருப்பவனுக்கு இது பொருள் மயக்கமாகும்.

எவருடைய தமிழ்?

ஒலிப்பு விதி எழுதுவோன் ஓரிடத்தில் தெரிவு செய்தே ஆகவேண்டும். அவ்விடம் றகரம். தொல்காப்பியம் றகரத்தை வல்லினத்துள் வைத்தது. னகரத்தோடு ஒரே பிறப்பிடத்ததாகவும் கொண்டது. இலங்கைத் தமிழர் 'வெற்றி' என்னும் சொல்லை ஒலிக்கையில், இரட்டை றகரம் நாநுனி அண்பல்லின் மேலே ஒற்றி எழும் தடையொலியாகவே கேட்கின்றது. தமிழகத்திலோ அது ரகரம் தொடரும் ஒலியாகப் பெரிதும் மாறிவிட்டது. இவ்வேறுபாடு எழுத்திலும் புகுந்துள்ளது. தமிழகத்தார் 'கிலோமீட்டர்', 'பேட்டரி', 'டொராண்டோ' என்று எழுதுமிடத்து நாம் 'கிலோமீற்றர்', 'பற்றரி', 'ரொறன்ரோ' என்று எழுதுகின்றோம். தமிழக விதியை மாத்திரம் அறிந்த பொறி நம் நூல்களை வாசிப்பின், 'மீற்றர்' என்பது 'மீட்ரர்' எனச் சிதைந்து ஒலிக்கும். பிழை நூலினதன்று, விதியினது.

கமில் சுவெலபில் 1966இல் ஈழத்துத் தமிழ் பற்றி எழுதியபோது, பேச்சுத் தமிழ்களுள் இலக்கிய வழக்குக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே எனக் கருதினார். அத்தகைய பேச்சுக்குரிய மக்கள், தமக்கெனத் தனி ஒலிப்பு விதி வேண்டுமெனக் கேட்பது பிடிவாதமாகாது.

இன்றைய நிலை

வீட்டுக் கணனியின் குரல் மறைந்துவிட்டதெனக் கருதுதல் தவறு. ஜொனதன் டடிங்ரன் 1995இல் ஏகோர்ன் கணனிக்கென எழுதத் தொடங்கிய மென்பொருளே, 2006இல் 'ஈஸ்பீக்' என்னும் பெயரில் வெளிவந்து, பின்னர் தமிழையும் ஏற்றது. பார்வையற்றோர் உலகெங்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் 'என்விடிஏ' என்னும் திரைவாசிப்பான் அதனைத் தன்னுடன் கொண்டுள்ளது. பழைய பொறிகளைப் போன்றே அதுவும் விதிகளால் ஒலியை ஆக்குவது. ஆதலாற் பழைய, விலைகுறைந்த கணனியிலும் இயங்குவது.

பதிவுசெய்த மனிதக் குரலை அடிப்படையாகக் கொண்ட புதிய முறைகள் இதனினும் இனிமையாகப் பேசுகின்றன என்பது உண்மை. ஆயின் அவற்றில், எவருடைய குரல் பதியப்பட்டதோ அவருடைய வட்டாரமே சொல்லாமற் புகுந்துவிடுகின்றது. விதிமுறையில் அவ்வாறன்று. றகரம் பற்றிய விதி ஒரு வரியாக வெளிப்படையாய் நிற்கின்றது. அதனை வாசிக்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். குரலில் வறியதாயினும் இவ்வகையில் அது சனநாயகப் பண்புடையது எனலாம்.

ஆகவே கிழக்கிலங்கையின் ஒலிப்பை ஆராய்ந்து விதிகளாக எழுதிவைத்தல் நம் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். இதற்கு வேண்டுவன ஒலிப்பதிவுக் கருவியொன்று, பொறுமை, தேர்ந்த செவி ஆகியவையே. கதிரவெளியிலிருந்து தெற்கே பொத்துவில் வரை ஊர்தோறும் இருபது சொற்களைப் பதிந்து ஒப்பிட்டாலே தொடக்கம் அமைந்துவிடும். வாகரைப் பகுதியிற் பார்வையற்ற பிள்ளையொன்று தன் பாடநூலைப் பொறியின் வாயாற் கேட்கும் நாளில், அது தன் ஊர்ப் பெயரைத் தன் ஊரார் சொல்லுமாறே கேட்டல் வேண்டும்.